நீச்சல் குளத்தில் ஒரு பொன்னாடை

லொஸ் ஏஞ்சலஸிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது நான் மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். அழைத்தவன் என் மனைவியின் தம்பி. திருகோணமலைக் கடலில் நீந்திப் பழகி, நாட்டின் நீச்சல் வீரனாகி, பிறகு அகதியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். மொன்றியலில் படம் பிடிக்க வந்த ஹொலிவூட்காரர்கள் தண்ணீருக்கடியில் சண்டை போட ஓர் ஆள் தேடினார்கள். அவர்களோடு போனவன் பெரிய நட்சத்திரமாகிவிட்டான்.

"அத்தான், இப்ப படத்தில நீந்துறது நான் இல்லை. எனக்கு ஏதும் நடந்தா படம் நிண்டுபோமெண்டு தண்ணிக்குள்ள இறங்க விடமாட்டினம். எனக்குப் பதிலா வேற ஒருத்தன் நீந்துறான். அங்க வாறன். ஒருத்தருக்கும் தெரியாம ஒரு மணித்தியாலம் நீந்த வேணும்."

எங்கள் பகுதி நீச்சல் குளத்தை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன்.

"உங்கட வாயைக் கொஞ்சம் மூடி வச்சிருங்கோ" என்றாள் மனைவி.

நான் மூடவில்லை. ஊரில் கணித ஆசிரியராக இருந்த நான் இங்கே தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இவனுடைய அத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. கோயிலில் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

உடை மாற்றும் அறையிலிருந்து நீச்சல் உடையோடு அவன் வெளியே வந்தபோது, குளத்தைச் சுற்றிச் சனம் நின்றது. பட்டுச் சேலைகள், வேட்டிகள், குளோரின் மணத்தோடு கலந்த சந்தன மணம். கோயில் தலைவர் அவனுடைய வெறும் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.

"தம்பி, எங்கட வீட்டுப் புட்டில வளந்த உடம்பு இது, மறந்திடாதை!" என்றார் ஒரு மாமி.

"சால்வையைக் கழட்டாதையும், இன்னும் ஒரு படம்!" என்றார் இன்னொருவர்.

பேச்சுகள் நீண்டன. எல்லோரோடும் நின்று சிரித்தான். இடையிடையே அவன் கண்கள் அவர்களின் தலைகளைத் தாண்டித் தண்ணீருக்குப் போய் வந்தன. நான் பார்த்தேன், பார்த்தும் அவன் பக்கத்தில் படத்துக்கு நின்றேன். குளத்துக் காவலாளி விசில் ஊதினாள். நேரம் முடிந்திருந்தது.

காரில், "பரவாயில்லை அத்தான், சனம் ஆசைப்பட்டுது" என்றான். கொஞ்சத் தூரம் போன பிறகு, "நீங்களும் ஆசைப்பட்டியள்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் மொன்றியலுக்கு வரவில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான்; வருகிறேன் என்று மட்டும் எழுதுவதில்லை.

இப்போது மனைவி உயிரோடு இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவில். முழங்கால் வலிக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதால், காலைகளில் நான் அதே குளத்தில் இறங்குகிறேன். 'போன்ஜூர்' என்ற வணக்கத்துக்கு மேல் அங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. என் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது. அவன் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டது இதைத்தான். எனக்கு அது நாள் முழுவதும் இருக்கிறது.