பங்களாப் புல்வெளியில் ஓர் ஆடிக் கல்யாணம்

ஆடி மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்தவள் என்று எங்கள் ஊரில் சம்பங்கியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். பேசுகிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு வந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தவர்கள்தான். நான் அவள் பக்கத்து வீட்டுக்காரி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சம்பங்கி பிறந்தது வேப்பனப்பள்ளிப் பக்கம், ஒரு மாந்தோப்புக்காரர் வீட்டில். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்து, ஓசூருக்குக் கிழக்கே தென்பெண்ணைக் கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். புருஷன் டிராக்டர் ஓட்டினான். மகள் சுவாதி ஆறாவது படிக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, பதினேழாம் நாள் இவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "என்னம்மா அதுக்குள்ள" என்று நாலு பேர் கேட்டார்கள். "நான் வீட்ல உக்காந்து அழுதா அங்க புல்லு வளராம நிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் புல் பங்களாத் தோட்டத்துப் புல். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை வளர்க்க வந்த ஒரு கர்னல் ஆற்றங்கரையில் கட்டிய பங்களா அது. ஓட்டுக்கூரை, நாலு பக்கமும் தூண் வைத்த வராந்தா, பின்னால் ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள். கர்னல் எந்தெந்தத் தேசத்திலிருந்தோ செடிகளைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான். விசிறிவாழை, ராஜபனை, கிளிமூக்கு மாதிரிச் சிவப்பாகத் தொங்கும் ஹெலிகோனியா, குடை அளவு இலை விடும் சேம்புகள். நம் ஊர்க் குளிருக்கு இதெல்லாம் தானாக வராது. மார்கழிப் பனியில் சாக்குப் போர்த்தி, பங்குனியில் இரண்டு வேளை தண்ணீர் காட்டினால்தான் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாக அப்படிப் பார்த்தவள் சம்பங்கி. ஒரு செடி வாடினால் அடிமண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்பாள். "தண்ணி ஜாஸ்தி. இவனுக்கு ரெண்டு நாள் பட்டினி" என்பாள். அது பிழைத்துக்கொள்ளும்.

இப்போது பங்களா கல்யாண இடமாகிவிட்டது. பெங்களூரிலிருந்து கார் காராக வருகிறார்கள். தையிலிருந்து ஆனி வரைக்கும் ஒரு ஞாயிறு காலியிருக்காது. சில நாள் பெங்களூர்க் கழிவுநீரால் ஆற்றில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்து வரும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அதையும் பின்னால் வைத்துக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலையாட்களுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. விருந்தாளி கார் உள்ளே வந்துவிட்டால் பச்சைச் சட்டை போட்ட யாரும் புல்லில் கால் வைக்கக்கூடாது. குரோட்டன்ஸ் வேலிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில்தான் போக வேண்டும், வர வேண்டும். அந்தச் சந்தில் நின்று சம்பங்கி பார்த்த கல்யாணம் நானூறுக்குக் குறையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பங்களாவை நடத்தும் கம்பெனி, வேலையாட்களுக்குச் சலுகை என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியது. பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் புல்வெளியை ஒரு நாள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சீசன் இல்லாத மாதமாக இருக்க வேண்டும். சீசன் இல்லாத மாதம் என்றால் ஆடி, புரட்டாசி, மார்கழி. தமிழனும் கல்யாணம் வைக்க மாட்டான், தெலுங்கனும் வைக்க மாட்டான், கன்னடத்தானும் வைக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் மூன்று பாஷைக்காரர்களும் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற விஷயம் அது ஒன்றுதான். தாள் யாரும் தொடாமல் மஞ்சளாகிக் கிடந்தது.

போன வருஷம் சுவாதிக்கு இடம் அமைந்தது. அவள் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் பர்கூர்ப் பையன் இளம்பரிதி. ஒரே பஸ்ஸில் போய் வந்து அவர்களே பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்கள் தட்டு மட்டும் மாற்றினோம். மறுநாளே சம்பங்கி என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"கிருபாக்கா, இங்கிலீசுல ஒரு லெட்டரு எழுதிக் குடு. பங்களாவுல கல்யாணத்துக்கு எடம் கேட்டு."

"எந்தத் தேதிக்கு?"

"ஆடிப் பதினெட்டு. ஞாயித்துக்கெழம."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "ஏன்டி, வேற மாசமே கெடைக்கலியா? ஆவணியில டவுன்ல ஒரு மண்டபம் பாரு."

"மண்டபம் யாரு வேணா பாக்கலாம். அந்தப் புல்லு நான் வளத்தது. ஊர்ல இருக்கற செருப்பெல்லாம் அது மேல நடந்துட்டுப் போவுது. எம் பொண்ணு காலு படக் கூடாதா?"

"அதுக்கு ஆடியிலயா?"

"ஆடியிலதான தர்றான். உங்க சர்ச்சுல ஆடியில வெக்கறதில்ல?"

வைக்கிறோம்தான். எங்களுக்குத் தவக்காலம் ஆகாது, அவர்களுக்கு ஆடி ஆகாது. ஆளுக்கு ஒரு மாதத்தின் மேல் பழி போட்டு வைத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் ஹரீஷ்குமார் அதை இரண்டு தரம் படித்தாராம். "ஆடி உங்களுக்கு ஓகேவா சம்பங்கியம்மா? யாருமே கேக்க மாட்டாங்களே" என்றாராம். "எனக்கு ஓகே சார், நீங்க சீல் வெச்சுக் குடுங்க" என்றிருக்கிறாள். எப்படியும் இவளே பின்வாங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார். சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்.

தேதி தெரிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வெங்கடம்மாள் பர்கூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவள் என்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவள், குரல் பெரிது.

"சம்மந்தி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஆடியில சேத்து வெச்சா சித்திரையில கொழந்த பொறக்கும். கத்திரி வெயில்ல பச்ச ஒடம்புக்காரி என்னா பாடு படுவா?"

"ஓசூர்ல என்னா கத்திரி அண்ணி? வீட்ல ஃபேன் இருக்குது. ரெண்டும் சம்பாரிக்கற புள்ளைங்க. எப்ப பெத்துக்கறதுன்னு அதுங்களுக்குத் தெரியாதா?"

அடுப்படியில் சுவாதி ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்கட்டும். ஆடிப் பதினெட்டுக்கு நீ ஆத்துக்குப் போயி தாலிக்கயிறு மாத்தறியா இல்லியா?"

"வருஷா வருஷம் மாத்தறன். அதுக்கென்ன இப்ப?"

"அதே நாளு, அதே ஆறு. பழைய தாலிக்குப் புதுக்கயிறு கட்டலாம், புதுத்தாலி கட்டக் கூடாதா?"

வெங்கடம்மாள் என்னைப் பார்த்தாள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் உட்கார்ந்தாள்.

"ஐயரு வர மாட்டாரு" என்றாள், கொஞ்சம் இறங்கின குரலில்.

"தாலிய நீ எடுத்துக் குடு. உன்னவிட எந்த ஐயருக்கு உன் புள்ள மேல அக்கற?"

அது அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு காபி குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்தது சம்பங்கியின் அண்ணன் திம்மராயன். வேப்பனப்பள்ளித் தோப்பு இப்போது அவன் கையில். அவனிடம் போகாமல் முடியாது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் கழுத்தில் தாலி ஏறும். வெற்றிலைத் தட்டோடு இரண்டு பேரும் போனோம். தட்டைத் தொடவே இல்லை அவன்.

"புருஷன் இல்லாதவ, அடக்க ஒடுக்கமா ஒரு கல்யாணம் பண்ணத் தெரியாதா உனக்கு? ஆடியில பண்ணி நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான கேக்கும்?"

"என் கல்யாணம் ஆவணியில நடந்துச்சு. நீயே ஜோசியரக் கேட்டுக் குறிச்ச நாளு. எம் புருஷன் போனப்ப ஊரு உன்ன என்னா கேட்டுச்சுண்ணா?"

திம்மராயனுக்குக் கோபம் முற்றினால் தெலுங்கு வந்துவிடும். "வத்தண்டே வத்து!" என்று கத்தினான். வேண்டாமென்றால் வேண்டாம். பட்டம் கட்ட அவன் வேண்டுமென்றால் ஆவணிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. இவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு தரம்தான் வாயைத் திறந்தாள். "தோப்புல ஒரு கெளையக்கூடக் கவாத்து பண்ணாம வுட்டு வெச்சிருக்கறான், பாத்தியாக்கா?"

ஆடி பிறந்து பத்தாம் நாள் ஹரீஷ்குமார் சம்பங்கியைக் கூப்பிட்டு அனுப்பினார். பெங்களூர்க் கம்பெனி ஒன்று தன் ஆட்களுக்கும் குடும்பங்களுக்கும் விருந்து வைக்க அதே ஞாயிற்றுக்கிழமை புல்வெளியைக் கேட்டதாம்.

"உங்களுக்கு நர்சரி ஷெட் பக்கத்துல ஷாமியானா போட்டுத் தர்றேன். அங்க நல்ல நிழல்" என்றார்.

"அங்க எருக்குழி இருக்குது சார்."

"மூடிடலாம்."

"குழிய மூடுவீங்க. வர்றவங்க மூக்க யாரு மூடறது?"

"கொஞ்சம் புரிஞ்சுக்குங்க. இது பிசினஸ்."

"சீல் வெச்சது நீங்க சார்."

"கேன்சல் பண்ணவும் ரூல் இருக்கும்மா."

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். தோட்டக்காரப் பெண்கள், கூட்டுகிறவர்கள், மோட்டார் போடுகிறவர், வாட்ச்மேன் சின்னராஜ், பாத்திரம் கழுவுகிற அக்காமார்கள். மொத்தம் பதினேழு பேர். பதினேழு லீவு லெட்டர் எழுதினேன், கை வீங்கிப் போனது. எல்லாவற்றிலும் காரணம் ஒன்றுதான்: சம்பங்கி வீட்டுக் கல்யாணம். காலையில் சம்பங்கி கட்டாகக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

"எல்லாரும் லீவுல போயிட்டா அந்தப் பார்ட்டிய யாரு பாக்கறது?" என்று கேட்டாராம் ஹரீஷ்குமார்.

"நானும் அதைத்தான் சார் யோசிக்கறன்" என்றாளாம்.

மத்தியானத்துக்குள் விருந்து அடுத்த ஞாயிற்றுக்கு மாறிவிட்டது. அடுத்த ஞாயிறும் ஆடிதான், காலியாகத்தான் கிடந்தது. முதலிலேயே அதைச் செய்திருந்தால் என் கைவலி மிச்சம்.

ஆடிப் பதினெட்டு விடிந்தது. காற்றென்றால் அப்படிக் காற்று. துணி கட்டினால் கர்நாடகத்துக்குப் பறந்துவிடும் என்று சம்பங்கி துணியே வேண்டாமென்றாள். இரண்டு விசிறிவாழை இலையை மேடைக்குப் பின்னால் நிறுத்தி, ஹெலிகோனியாவைக் கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தாள். எதை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும், அதை மட்டும்தான் வெட்டினாள். மேளக்காரர், சமையல்காரர், போட்டோக்காரர் எல்லோரும் ஆடியில் ஈ ஓட்டுகிறவர்கள், கூப்பிட்ட உடனே வந்தார்கள். வேலையாட்கள் பட்டுச் சேலையும் புதுச் சட்டையுமாக வந்துவிட்டு, கால் பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பினார்கள். "எங்க போற சின்னராஜு? புல்லு மேல நட. முள்ளா குத்துது?" என்று மேடையிலிருந்தே கத்தினாள்.

ஒன்பது மணிக்குச் சுவாதியை மணையில் உட்கார வைத்தார்கள். தட்டில் பட்டம் இருந்தது. கட்ட மாமன் இல்லை. எல்லோரும் கேட்டைப் பார்த்தோம். கார் எதுவும் வரவில்லை. பத்து நிமிஷம் போனது, இன்னொரு பத்து நிமிஷமும் போனது. மேளம் தானாக நின்றுவிட்டது. பெண்கள் காதோடு காது பேச ஆரம்பித்தார்கள். மாமன் முறையில் வேறு யாராவது கட்டட்டும் என்றார் ஒருவர். நான் கட்டுகிறேன் என்று சின்னராஜ் எழுந்தார்.

சம்பங்கி மேடையை விட்டு இறங்கிப் பின்வரிசையில் நின்றிருந்தாள். தாலி இல்லாதவர்கள் நிற்கிற இடம் அதுதான் என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே போய் நின்றாள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. சின்னராஜ் மேடை ஏறுமுன் அவள் அங்கிருந்து நேராக நடந்து வந்து தட்டில் கை வைத்தாள்.

"அம்மா, மாமாவுக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாமே" என்றாள் சுவாதி. கண் நிறைந்துவிட்டது.

"வர மாட்டான் கண்ணு. எங்க அண்ணன எனக்குத் தெரியும். அவன் கூடப் பொறந்தவ நான். அதே ரத்தந்தான், நான் கட்டறன்."

பர்கூர்க்காரப் பெரியம்மா ஒருத்தி முன்வரிசையிலிருந்து கையை நீட்டினாள். "ஏம்மா, தாலி அறுத்தவ பட்டத்தத் தொடலாமா? பொண்ணுக்கு ஆகுமா?"

சம்பங்கி திரும்பி அவளைப் பார்த்தாள். கோபம் இல்லை, குரலும் உயரவில்லை.

"இருவத்திரெண்டு வருஷமா இங்க ஒவ்வொண்ணையும் இந்தக் கையாலதான் தொட்டிருக்கறன். நான் தொட்டு எது பட்டுப் போயிருக்குதுன்னு சுத்திப் பாத்துச் சொல்லும்மா."

அந்தப் பெரியம்மா சுற்றிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். காற்றில் ராஜபனைகள் ஆடிக்கொண்டிருந்தன.

சம்பங்கி பட்டத்தை எடுத்து மகள் நெற்றியில் வைத்தாள். விரல் வெடிப்பில் மண் இருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாத மண். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவளைப் போல, அவிழவும் கூடாது நரம்பை அழுத்தவும் கூடாது என்று பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள்.

"என்னா பாத்துட்டு நிக்கறீங்க? மேளம், மேளம்!" என்று வெங்கடம்மாள் தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் குரலுக்குப் பயந்தே மேளக்காரர் அடித்தார். இளம்பரிதி தாலி கட்டினான். நாங்கள் போட்ட அட்சதையில் பாதியைக் காற்று ஆற்றுப் பக்கம் கொண்டுபோனது.

சம்பங்கி இப்போதாவது அழுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தியில் ஏன் இன்னும் இலை போடவில்லை என்று கத்திக்கொண்டே புல்லுக்குக் குறுக்கே நடந்தாள்.