எழில்மொழியின் வலது கால்

மேசைக்கு மேலே எழில்மொழியின் பத்து விரல்களும் பதவிசாகத் தட்டச்சு செய்கின்றன. மேசைக்குக் கீழே வலது கால் உதைத்துக்கொண்டே இருக்கிறது. உதைக்கப் பந்து கிடையாது. செருப்புதான் அவ்வப்போது பறக்கும்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் பையன்களோடு பந்தாடி வளர்ந்தவள். இப்போது ராயபுரத்தில் ஒரு மாடியறையில் வேலை. இங்கிலாந்தின் ஏதோ ஒரு சின்ன ஊரில் நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த செய்தித்தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். ஏழைப் பேட்டைப் பிள்ளைகளுக்கே வேலை, பாதி நாள் படிப்பு என்பது வேலை தரும் வெளிநாட்டு நிறுவனத்தின் கொள்கை. "துட்டும் குட்த்து, படின்னும் சொல்றான். இன்னா மன்சன்பா!" என்று எழில் இன்னும் நம்பாமல் சிரிப்பாள்.

இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் பந்தாட்டச் செய்தி வந்தால் அத்தனையும் புரிந்துவிடும். முடிவை முன்கூட்டி எட்டிப் பார்க்கமாட்டாள், அது கள்ள ஆட்டமாம். அந்த ஊர் அணியோ வாராவாரம் தோற்கும். "கோல்கீப்பரா இவன்? காத்து வாங்கிக்கினு நிக்கிறான், கஸ்மாலம்!" என்று எப்போதோ செத்துப்போன வெள்ளைக்காரனைத் திட்டுவாள். ஒருநாள் மனசு கேட்காமல், ஐந்து கோல் வாங்கித் தோற்ற அணிக்கு ஆறு கோல் போட்டுக்கொடுத்துவிட்டாள். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பது வழக்கம். ஒத்துப்போகாத இடத்தைக் கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டிவிடும். மாட்டிக்கொண்டாள்.

"பாவம்க்கா அவனுங்க!"

மேற்பார்வை பார்க்கும் ஹில்டா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி சேட்ட பண்ணே, வூட்லதான் குந்திக்கினு இருப்பே."

இன்று அந்த நிறுவனத்தை நடத்தும் அம்மாளே லண்டனிலிருந்து வந்துவிட்டார். அடுத்த வருஷ வேலை இங்கேயா, வேறு நாட்டுக்கா என்பது அவர் கையில். யாரும் மூச்சு விடக்கூடாது என்று ஹில்டா சொல்லியிருந்தார். அம்மாள் எழிலுக்கு நேர் எதிரே வந்து நின்ற நேரம் பார்த்தா அந்தச் செய்தி வரவேண்டும்? ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷம். கார்னர். எழில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல்கள் உள்ளதை உள்ளபடி அடித்துக்கொண்டு போயின. கோல்! நம்மாட்கள் ஜெயித்தேவிட்டார்கள்!

வாயை அடக்கிவிட்டாள். கால் கேட்கவில்லை. செருப்பு மேசைக்கு அடியில் பறந்துபோய் அம்மாளின் பூட்ஸில் மோதி நின்றது. ஹில்டா கண்களை மூடிக்கொண்டார்.

அம்மாள் குனிந்து செருப்பைப் பார்த்தார். பொங்கும் சிரிப்பை மென்று விழுங்கும் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸின் பக்கவாட்டால் செருப்பை மெல்லத் தட்டித் திருப்பியனுப்பினார்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எழில் அதை உள்ளங்காலால் நிறுத்தினாள். காலில் மாட்டிக்கொள்ளவில்லை. ஒரே தட்டில் அம்மாளுக்கே திருப்பி பாஸ் கொடுத்தாள்.