தங்கச்சிக்காக நான் சொல்லவேண்டிய இரண்டு சாட்சியம்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாயே திறவாது. எனக்கு எதற்கு எழுத்து என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த எரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும்.

மன்னார்ப் பக்கம் பேசாலையில் என் தங்கச்சியை ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தோம். தன் தாயின் கரைச்சல் தாங்காமல்தான் மாப்பிள்ளை வேதக் கோவிலுக்கே வந்தான். ஒரு வருஷம்கூட இருக்கவில்லை. சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவன் திரும்பவேயில்லை. சண்டை முடிந்து, மனைவியை இழந்த ஒரு கடற்தொழிலாளி அவளைக் கேட்டு வந்தார். அதுவரை யார் கேட்டும் முகம் கொடுக்காதவள், தலையாட்டினாள்.

கலியாணத்தைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் கோவில்தான் என்று நினைத்திருந்தோம். கத்தோலிக்க ஆயரின் விசாரணை மன்றத்துக்கு எழுதிப்போட்டோம். நான்தான் சாட்சி. மாப்பிள்ளை மனமில்லாமல்தான் நின்றான், அதனால் அது கலியாணமே இல்லை என்று வியர்க்க வியர்க்கச் சொன்னேன். சில வருஷம் இழுத்து, அந்தக் கலியாணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கினால் கோவிலில் கலியாணம் இல்லை. அதற்கு முன் நாள் குறித்தோம். மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்க வேண்டிய கலியாண அறிவித்தலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று.

பிறகுதான் கலியாணப் பதிவுகாரர் சொன்னார், சட்டப்படி அவள் இன்னும் முதல் புருசனுடைய பெண்சாதியாம். விவாகரத்துக்கு நாங்கள் கோட்டுக்கும் போயிருப்போம் என்று கோவில் பாதர் நினைத்திருந்தார். கோட்டு எதற்கு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மன்னாருக்கு ஓடினோம்.

“மாவட்ட நீதிமன்றத்தில கோவில் தீர்ப்பு எடுபடாது ஐயா,” என்றார் சட்டத்தரணி அம்மா. “ஒழுங்காக் கலியாணம் நடந்தது, புருசன் வேணுமெண்டே விட்டிட்டுப் போனவர் எண்டு நீங்கள் சாட்சி சொல்லவேணும்.”

“அது கலியாணமே இல்லை எண்டெல்லோ கோவிலில சத்தியம் பண்ணினனான்?”

“அங்க சொன்னதை இங்க கொண்டு வராதேங்கோ. இங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ.”

அதோடு விட்டதா? எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனுக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டுமாம். ஆள் அகப்படாவிட்டால் பத்திரிகையில் போட வேண்டுமாம். தபசுக்கு முன் ஒன்றும் நடக்காது.

வெளியே வாங்குப் பலகையில் சிலாவத்துறைப் பெண் ஒருவர் இருந்தார். எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

“உங்கட பக்கம் லேசெண்டு நினைச்சன், அண்ணன். முஸ்லிம்கள் எங்களுக்குக் காதி கோட்டு. அங்க எல்லாம் முடிஞ்சுது எண்டு வந்தா, பிள்ளைகள்ட செலவுக்கு இங்க ஏறி இறங்கச் சொல்றாங்க. ஒரே கடல், ஒரே மீன். பிரியிறதுக்கு மட்டும் ஆளுக்கொரு சட்டம்!”

பஸ்ஸில் தங்கச்சி, “கோவிலில எனக்குப் புருசனே இருந்ததில்லை. கோட்டில இன்னும் இருக்கிறான். சோறு கேட்டு மட்டும் ஒருநாளும் வரேல்லை, அண்ணை,” என்றாள். கேட்டு வந்த கடற்தொழிலாளி இனிக் காத்திருக்க மாட்டார் என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை அவரிடம் போய்த் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த வலையை அவர் கீழே வைக்கவில்லை.

“தபசு வருசா வருசம் வந்து போகும். வழக்கைப் போடுங்கோ. நான் ஒரு இடமும் படகேறிப் போகமாட்டன்.”

மூன்றாம் ஞாயிறு பூசையில் அவர்களுடைய பெயர்களை வாசிக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மன்னாருக்குப் போய்த் தங்கச்சி விவாகரத்து வழக்குக்குக் கையெழுத்து வைத்தாள்.