ஏஞ்சலின் ஞாயிற்றுக்கிழமைகள்

பொன்னேரி மார்க்கெட்டில் மனைவி ஏஞ்சலின் சிநேகிதி நந்தினியைப் பார்த்த அன்றுதான் யேசுதாசுக்குச் சந்தேகம் தட்டியது.

"இன்னாண்ணா, ஏஞ்சல் எப்டி கீறா? பார்த்து நாலு மாசம் ஆவுதே" என்றாள் அவள்.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, "நந்தினி ஊட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்றுதானே ஏஞ்சல் கிளம்புகிறாள்?

யேசுதாசுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. உலைப் பக்கம் நின்று நின்று இரண்டு கைகளிலும் தீப்பொறித் தழும்பு. ஏஞ்சல் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் ஆறு வருஷக் குடித்தனம். சோறு போடும்போதே கரண்டியைப் பிடித்தபடி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். "இன்னா யோசனை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பாள். அதெல்லாம் இப்போது வேறு மாதிரி அர்த்தமானது. அவள் குளிக்கப் போன நேரம் கைப்பையைத் துழாவினான். ஒரு விசிட்டிங் கார்டு கிடைத்தது. சந்திரமோகன் என்ற பேருக்கு மேல் அவன் படிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, ஷிஃப்ட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்டேஷனில் மறைந்து நின்றான். அவள் ஏறிய லேடீஸ் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறினான். நந்தினி வீடு இருக்கும் பொன்னேரி வந்தது. அவள் இறங்கவில்லை. மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் தாண்டித் திருவொற்றியூரில் இறங்கினாள். ஷேர் ஆட்டோ பிடித்தாள். இவன் பின்னால் வந்த ஆட்டோவில் தொற்றிக்கொண்டான்.

புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடம். "வாங்க மேடம்" என்று செக்யூரிட்டி கதவைத் திறந்தான். டை கட்டிய ஒருத்தன் சிரித்தபடி வந்து அவளை லிஃப்ட்டில் கூட்டிப்போனான்.

யேசுதாஸ் பின்னாலேயே நுழையப் போனான். "யோவ், வேலைக்கு வந்தவங்கோ அந்தப் பக்கம் போ" என்றான் செக்யூரிட்டி. அந்தப் பக்கம் படிக்கட்டு இருந்தது. லிஃப்ட் ஏழில் நின்றதைப் பார்த்து வைத்திருந்தான். மூச்சிரைக்க ஏறினான்.

கதவு திறந்தே கிடந்தது. ஆள் இல்லாத வீட்டில் சோபா, பிளாஸ்டிக் பழங்கள், யாரும் படுக்காத கட்டில். வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடு. ஏஞ்சல் சமையலறை அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"மிக்சி இங்க வெச்சுக்கலாம். எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு, டிசம்பர்ல வந்து பார்ப்பாரு."

திரும்பியவள் அவனைக் கண்டு அலமாரிக் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"யார் நீங்க?" என்றான் டை கட்டிய சந்திரமோகன்.

"துபாய்லேர்ந்து நேத்துதான் வந்தேன்" என்றான் யேசுதாஸ். அது எப்படித் தன் வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

சந்திரமோகனின் பார்வை தழும்புகளிலிருந்து தேய்ந்த செருப்புக்கு இறங்கியது. "அங்க எந்த கம்பெனி சார்?"

"ஸ்டீலு."

"ஓ." அதற்குப் பிறகு அவன் சார் போடவில்லை.

"வாங்க, பால்கனியைப் பாருங்க" என்றாள் ஏஞ்சல். ஆறு வருஷத்தில் அவனை அவள் 'வாங்க' என்றது அன்றுதான். பால்கனியிலிருந்து கடல் தெரிந்தது. எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல் சந்திரமோகன் வாசலை மறித்து நின்றான்.

திரும்பும் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"இத்தோட எத்தினி ஊடு பார்த்த?"

"நாலு. ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு தடவ போவேன்."

"எல்லாத்துலயும் நான் துபாயா?"

"ஒண்ணுல பேங்க். ஒண்ணுல கப்பல்."

"இன்னொண்ணுல?"

ஏஞ்சல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அங்க எனக்குக் கல்யாணமே ஆவல."

அது எந்த ஊர் வீடு என்று அவன் கேட்கவில்லை. இப்போதெல்லாம் லீவு கிடைத்த ஞாயிறுகளில் அவனும் கூடப் போகிறான். லீவு இல்லாத ஞாயிறுகளில், உலை முன்னால் நின்றபடி, இன்றைக்கு அவள் எந்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.