ரவுட்டரை எல்லாம் சொல்லச் சொன்ன காலை

போன வாரம் அலுவலக இழுப்பறையில் பழைய நீலக் கேபிள் ஒன்று கையில் சிக்கியது. கணினியையும் ரவுட்டரையும் இணைக்கிற தட்டை வயர். அதைத் தொட்டதும் எனக்கு மீன் வைத்துச் சுட்ட மாலுபாண் மணம்தான் வந்தது. ஹட்டனில் நாங்கள் நெட்வொர்க் படித்த வகுப்பு ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. பாதிப் பாடம் மூக்கு வழியாகவே போயிற்று.

ஏழு பேருக்கு இரண்டே ரவுட்டர். எங்கள் முறை வந்தால் எனக்கொன்று, டிக்கோயாவிலிருந்து வரும் கலாவுக்கொன்று. அப்படி எங்கள் முறை வந்த ஒரு நாள், பின்னேரம் சார் வந்து பார்த்து, எங்களில் ஒருவரை நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வேலைக்குச் சிபாரிசு செய்வதாக இருந்தது. காலை முழுக்கக் கட்டளைகளை அடித்தும் இரண்டு ரவுட்டரும் ஒன்றோடொன்று பேசவில்லை. தப்பு கலாவுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கியதும், அவளுடைய ரவுட்டரில் ‘டீபக் ஆல்’ என்று அடித்தேன். உள்ளே நடப்பதை ஒன்றுவிடாமல் சொல் என்று அர்த்தம். வேண்டியதை மட்டும் கேட்கவும் வழியுண்டு. அது கற்றுக்குட்டிகளுக்கு என்று நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

அது சொல்லத் தொடங்கியது. ஒரு வரியை வாசிக்குமுன் நூறு வரி ஓடி மறைந்தது. நிறுத்து என்று நான் அடித்த எழுத்துகளும் அந்த ஓட்டத்தில் காணாமல் போயின. பயத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். கலா இன்னும் சேமிக்காத காலை வேலை முழுவதும் அதோடு போயிற்று.

அவள் வந்ததும் கரண்டு போய்விட்டது என்றேன். அவள் தலைக்கு மேல் எரிந்த பல்பைப் பார்த்தாள்.

“இருட்டா இல்லையேண்ணே” என்றாள்.

உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. கட்டளைகளை எழுதி வைத்திருந்த கொப்பியை என் பக்கம் தள்ளி வாசிக்கச் சொன்னாள். நான் வாசிக்க வாசிக்க மறுபடி எல்லாவற்றையும் அடித்தாள், சேமித்தாள். பிறகு ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் டீபக் போட்டாள். நாலே வரி வந்தது. இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டிய ஏரியா இலக்கம் பக்கத்து ரவுட்டரில் பொருந்தவில்லை என்றது. பக்கத்து ரவுட்டர் என்னுடையது.

“காலையிலயும் இதத்தாண்ணே சொல்லியிருக்கும். இனிமே நிப்பாட்டணும்னா ஓடுறதப் பாக்காம அடிங்க. எழுத்து கண்ணுக்குத் தெரியாட்டியும் உள்ள போகும்.”

சார் அவள் பெயரைத்தான் சொன்னார். பொறாமைப்படக்கூட எனக்கு முகமில்லை.

இப்போது அந்த மேல்மாடியில் ஃபோன் கடை. கலா கத்தாரில். என்னிடம் வேலை பழக வருகிறவர்களின் மடிக்கணினிக்குள்ளேயே வெறும் மென்பொருளாகப் பத்து ரவுட்டர் ஓடுகிறது. எதைக் கெடுத்தாலும் ஒரு பொத்தானில் பழையபடி வந்துவிடும். ஒருவர் பாழாக்கிய காலையை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து அடிக்க வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை.