பார்த்திபனுக்குத் தீட்டிய கத்தி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செவ்வாய்க்கிழமை சலூன்கள் எல்லாம் லீவு. எங்கள் கடை மட்டும் திறந்திருக்கும். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஞாயிறுதான் பூட்டுவோம். ஷேவ் செய்வது என் வீட்டுக்காரர் தாவீது. கத்தி தீட்டுவது நான், சுகிர்தா. கல்லில் தேய்த்தால் கூர் வரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பிசிறு விளிம்பில் நிற்கும். தோல் வாரில் முன்னும் பின்னும் இழுத்தால்தான் அது போகும். அவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. எனக்கு உண்டு. பார்த்திபன் விஷயத்தில் ஆறு வருஷமாக உண்டு.

என் வீட்டுக்காரர் முன்பு வேலை பார்த்த ரசாயன ஆலையில் இந்தப் பார்த்திபன்தான் சேஃப்டி சூப்பர்வைசர். விஷவாயு முகமூடி முகத்தில் சரியாகப் படியவேண்டும் என்று தாடியோடு யாரையும் உள்ளே விடமாட்டான். நியாயம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் பிரசவத்துக்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேராக ஓடிவந்த மனுஷனைக் கேட்டிலேயே நிறுத்தினான். ஒன்பது வருஷம் காண்டிராக்டில் உழைத்தவர்களை நிரந்தரமாக்கக் கையெழுத்து வாங்கிய நாள் அது. "பத்து நிமிஷம் குடு சார், ஷேவ் பண்ணிக்கினு வந்துடறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். கேட்டை மூடிவிட்டான், பாவி. கையெழுத்துப் போட முடியாததால் வேலை அத்தோடு போனது. பிறகுதான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு கடை போட்டார்.

போன செவ்வாய், காலை ஏழரைக்கு அவனே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஆபீசிலேயே உட்காருகிறவன், அதனால் அவனுக்கு மட்டும் முகம் நிறையத் தாடி. வெளியூர் ஆடிட்டர்கள் எட்டு மணிக்கு வருகிறார்களாம், இவனும் முகமூடி போட்டு அவர்களோடு உள்ளே போகவேண்டுமாம்.

"சீக்கிரம்மா, லேட்டானா என் வேல போயிடும்."

தீட்டவே வேண்டாத, பிளேடு சொருகும் கத்தி மேஜைக்குள்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. சவரக்கத்தியைக் கல்லில் வைத்தேன். அவன் முகத்தில் நுரை போட்டுவிட்டுத் தாவீது என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, துண்டை உதறி மடிக்க ஆரம்பித்தார். கல்லில் நாற்பது தடவை, வாரில் அறுபது. நகத்தில் வைத்துப் பார்த்து, "இன்னும் பிசிறு கீது" என்று மறுபடியும் கல்லுக்கே போனேன். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தி தீட்டியதே இல்லை.

ஆலையில் எட்டு மணிச் சங்கு ஊதியது.

"இன்னாம்மா இப்டிப் பண்ணிட்ட" என்றான், நுரை காய்ந்த முகத்தோடு.

"ஆறு வருஷத்துக்கு முன்ன, ரெண்டு நாள் தாடியோட வந்தாருன்னு ஒருத்தர கேட்டுலயே நிறுத்துனியே. இவருதான் அது."

கண்ணாடியில் தாவீதின் முகத்தைப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான்.

"எவ்ளோ பேர அனுப்பிச்சிருக்கேன்மா. ஞாபகம் இல்ல."

என் வீட்டுக்காரர் சட்டென்று வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போதுதான் கவனித்தேன், கத்தியோடு நான் நாற்காலி வரைக்கும் போயிருந்தேன்.