எத்தனை இலை, மிஸ்?

நான் சட்டென்று மன்னிக்கிற ஆள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் ஏமாறக் கூடாது.

எட்டாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ‘என் தாய்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். குன்னூருக்கு மேலே இருக்கிற தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பஸ் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனது என் வகுப்பில் நான் ஒருத்திதான். ‘மை மதர் பிளக்ஸ் மச் லீஃப்’ என்று ஆரம்பித்தேன். என் அம்மா நிறைய இலை பறிக்கிறாள். அதைவிட நல்ல முதல் வரி உலகத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது என்று நினைத்தேன். மிஸ் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டினார்.

“மச் லீஃபா? இலையை எண்ண முடியுமா, முடியாதா?”

“முடியும் மிஸ்!” நாற்பது தொண்டைகள்.

“எண்ண முடிஞ்சா மெனி. எண்ண முடியாததுக்குத்தான் மச். மெனி லீவ்ஸ்னு எழுதணும். இவங்க அம்மா இலையைத் தண்ணி மாதிரி மொண்டு ஊத்துவாங்க போல.”

வகுப்பே சிரித்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. மச் லீஃப். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அதுதான் என் பெயர்.

அதையாவது விட்டுவிடலாம். அடுத்த மாதம் நடந்ததை விட முடியாது. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். நல்ல சேலை, மேலே சால்வை. பேனாவை எடுக்கக் கையை நீட்டியதும் மிஸ் அந்த விரல்களைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, நகக்கண்ணெல்லாம் கோடு கோடாக இருக்கும். தேயிலைக் கறை.

“கார்டுல கறை படும். கையைக் கழுவிட்டு வந்து போடுங்கம்மா.”

அம்மா காலையில் மூன்று தடவை சோப்புப் போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் மறுபடி குழாய்க்குப் போனாள். அதே கறுத்த விரல்களோடு, இப்போது ஈரமாக, திரும்பி வந்தாள். கார்டின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பெயரை எழுதினாள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கை சால்வைக்குள்ளேயே இருந்தது. டிக்கெட்டைக்கூட நான்தான் வாங்கினேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த மிஸ்ஸைப் பார்த்து ஒரு நாள் நாற்பது பேர் சிரிக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பழிவாங்குவதற்கு அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி படிப்பது. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தேன். டம்ளர் மெனி, தண்ணீர் மச். தட்டு மெனி, சோறு மச். அப்புறம்தான் வம்பு வந்தது. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக் கூடாது. பெட்டியை எண்ணலாம், லக்கேஜை எண்ணக் கூடாது. தலைமுடி சீப்பில் ஒவ்வொன்றாகத்தான் வருகிறது, ஆனாலும் தலையில் இருக்கும்போது அது மச். கொஞ்சம் பேர், கொஞ்சம் பால் என்று நாம் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். இங்கிலீஷ்காரர்களுக்கு ஆளுக்கு ஃப்யூ, பாலுக்கு லிட்டில். அந்த ஃப்யூவுக்கு முன்னால் ஒரு ‘எ’ போட்டால் நாலு நண்பர்களாவது இருக்கிறார்கள் என்று அர்த்தம், எடுத்துவிட்டால் யாருமே இல்லாத மாதிரி. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ‘எ’ இல்லாத ஃப்யூ.

படிக்கப் படிக்க ஆத்திரம்தான் ஏறியது. எங்கள் லைனில் “இன்னிக்கு எவ்வளவு இலை?” என்றுதான் கேட்பார்கள். ‘எத்தனை இலை’ என்பது கல்யாணப் பந்தியில் வாழை இலை போடுகிறவர் கேட்பது. ஃபேக்டரி ரிஜிஸ்டரில்கூட லீஃப் என்றுதான் இருக்கிறது, தேயிலை ஏற்றுகிற லாரிக்கு லீஃப் வண்டி என்றுதான் பெயர். நிறுக்கிற பொருளை யார் எண்ணுவார்கள்?

இப்போது நான் தபால் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டு, அதே எஸ்டேட் ஃபேக்டரியில் சுற்றுலாக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலை பார்க்கிறேன். போன மழை முடிந்த வாரம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து மிஸ் இறங்கினார். அதே ஊதா ஸ்வெட்டர். பின்னால் எட்டாம் வகுப்பு.

என்னைத் தெரியவில்லை அவருக்கு. இலை வாட்டுகிற இடம், உருட்டுகிற மெஷின், சலிக்கிற இடம் என்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மச், ஒரு மெனி பிசகவில்லை.

“ரொம்ப நல்லா பேசறியேம்மா. எந்த ஸ்கூல்ல படிச்சே?”

“இந்தப் பக்கம்தாங்க மிஸ்.”

கடைசியில், கேட்டுக்குப் பக்கத்துத் தேயிலைச் செடி வரிசையில், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கூடை மாட்டிக்கொண்டு கொஞ்சம் பறித்துப் பார்க்கலாம். பிள்ளைகள் கூடைக்கு அடித்துக்கொண்டார்கள். “முதல்ல மிஸ்” என்றேன்.

“எனக்கு எதுக்கும்மா? போட்டோவுக்கா?”

“சின்னப் போட்டிங்க மிஸ். நீங்க பறிங்க, எத்தனை இலைன்னு எண்ணலாம். இலையை எண்ண முடியுமில்லைங்களா?”

“முடியும்!” என்று கத்தினார்கள் பிள்ளைகள். அதே குரல்.

ஐம்பதில் அலுத்துப் போய் நிறுத்துவார், பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது என் திட்டம். அவரோ பத்து நிமிஷம் மும்முரமாகப் பறித்துவிட்டு, எடை போடுகிற கொட்டகைத் திண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காம்பிலிருந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளி, கையில் சேர்த்துப் பிடித்து, ஒன், டூ, த்ரீ. பிள்ளைகளும் கூடவே கத்தினார்கள். வேன் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். மிஸ் எழுந்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தார். என் பழி பிக்னிக் ஆகிக்கொண்டிருந்தது.

“ஃபோர் ஹண்ட்ரட் அண்ட் செவன்டீன்! மெனி லீவ்ஸ்!” கைதட்டல்.

அந்த நேரம் பார்த்து மத்தியான எடைக்குப் பெண்கள் பையோடு வந்து வரிசையில் நின்றார்கள். அம்மாவும். மிஸ் நடுவில் புகுந்து தன் இலையைத் தராசுக்காரரிடம் நீட்டினார். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஒரு விரலால் கிளறிப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், இதைய எங்கீங்க போடறது? கைச்சூட்டுல செவந்து போச்சுங்களே.”

“இப்பத்தானே பறிச்சேன்!”

“பறிச்சா உடனே கூடைல போடோணுங்க. கசக்கிப் புடிச்சா அவ்வளவுதான். இதையச் சேர்த்தா மத்த லீஃபும் கெட்டுப் போயிருமுங்க.” நானூற்றுப் பதினேழு இலையையும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, நிஜமாகவே சந்தேகம் வந்தவராகக் கேட்டார்: “ஆமா, இலைய எதுக்குங்க எண்ணுனீங்க?”

வரிசையில் நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். மிஸ்ஸும் சிரிக்கப் பார்த்தார், முகம் சரியாக ஒத்துழைக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று நன்றாகப் பார்த்தேன்.

அம்மா தன் பையைக் கொக்கியில் மாட்டினாள். “இருபத்தி ரெண்டு கிலோ” என்றார் தராசுக்காரர். நகர்ந்து வந்து என் காதருகில் கேட்டாள்: “அந்த ரேங்க் கார்டு டீச்சர்தானே?”

“ஆமா.”

“வந்ததுமே தெரிஞ்சிது எனக்கு.”

மிஸ் குழாயடியில் இருந்தார். சோப்பைப் போட்டுக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கறுப்புக் கோடு.

“கழுவினாலும் போகாதுங்க மிஸ்.”

“எத்தனை நாள் இருக்கும்?”

“மூணு, நாலு நாள். சாப்பிடறப்பக்கூட விரல் கசக்கும்.” அப்புறம் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். “நான் உங்க ஸ்டூடன்ட்தாங்க. மச் லீஃப்.”

என் முகத்தைப் பார்த்தார். “மச்... எந்த பேட்ச்சும்மா நீ?”

ஞாபகமே இல்லை. என் மூன்று வருஷம் அவருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை.

நல்லவேளை, வேலை முடியவில்லை. வருகிற பள்ளிகளின் சார்பில் ஆசிரியர் எங்கள் பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா பையை மடித்துக்கொண்டே பக்கத்தில் நிற்க, நோட்டை விரித்தேன். மிஸ் பேனாவுக்குக் கையை நீட்டினார். ஈர விரல், கறுத்த நகம்.

“நோட்டுல கறை படுங்க மிஸ். கையைத் துடைச்சிட்டு வந்து போடுங்க.”

ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் ஸ்வெட்டரில் விரலைத் துடைத்தார், பார்த்தார், மறுபடி துடைத்தார். கடைசியில் நோட்டின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா திட்டினாள். “என்னா புள்ள நீ, வயசான பொம்பளைகிட்ட அப்பிடியா பேசுறது? பாவம்.” முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது வாசலில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா சொல்வது கேட்டது.

“‘துடைச்சிட்டு வந்து போடுங்க’ன்னா பாத்துக்க!”

என் குரலை அப்படியே எடுத்துச் சொன்னாள். அக்கா நம்பாமல் கேட்டதால் இன்னொரு தடவை சொன்னாள். அம்மாவின் கை இரண்டும் சால்வைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தன.